குடும்பத்தின் பங்கு எங்கே முடிகிறது?

(சமூகப்பணித் துறை மாணவர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். கேள்வி நேரத்தில் பேசியவை சேர்க்கப்படவில்லை.)



அழைப்பிதழில் 'சமூக மனநலப் பராமரிப்பில் குடும்பத்தின் பங்கு' என்று அச்சாகியிருக்கிறது. இந்தத் தலைப்பில் மேடையேறுகிறவருக்கு வேலை சுலபம். நம் குடும்ப அமைப்பின் பெருமையைச் சொல்லி, மேலைநாட்டில் பெற்றவர்களையே காப்பகத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்து, தாயன்பில் கொண்டுபோய் முடித்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் முன்வரிசையில் மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்ல வந்தது இது. குடும்பம் எதைச் செய்யும், எதோடு நிறுத்திக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளதை யார் செய்வார்கள் என்று வரையறுக்காத திட்டத்தில், குடும்பப் பங்கேற்பு என்பது அரசு சுமக்க வேண்டியதை வீட்டுக்குள் இறக்கிவைக்கும் ஏற்பாடாகத்தான் முடியும். எல்லை வகுத்தால் குடும்பங்கள் கைகழுவிவிடும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில், எல்லை தெரிந்த குடும்பம்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது. மனநோய் என்று இன்று நான் குறிப்பிடுவது மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நீண்டகாலக் கடும் நோய்களை மட்டுமே. தேர்வு பயம், தூக்கமின்மை எல்லாம் வேறொரு நாள் பேச வேண்டியவை.

1

குடும்பம் மனநல மருத்துவமனைக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் வித்யா சாகர். கட்டிடம் நிரம்பி வழிந்தது, கவனிக்க ஆள் போதவில்லை. அவர் ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி வளாகத்திலேயே அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்தார். உறவினர்களைக் கூட்டிவைத்து நோயைப் பற்றிப் பேசினார். அதே பத்தாண்டில் நம் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய அந்த மையத்தில், நோயாளியோடு உறவினர் ஒருவராவது உடன் தங்க வேண்டும் என்பதே முறை. ஐரோப்பிய மனநல மருத்துவமனைகளின் நெடுஞ்சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த குடும்பத்தை இந்தியாவில்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். சொல்லலாம், தப்பில்லை.

ஆனால் அந்தக் கூடாரத்தை உற்றுப் பாருங்கள். உறவினர் உள்ளே இருந்தார், நாலடி தள்ளி மருத்துவரும் இருந்தார். ராத்திரி பையன் கத்தினால் எழுப்ப ஒரு செவிலியர் இருந்தார். பக்கத்துக் கூடாரத்தில் இதே கதையோடு இன்னொரு தாய் இருந்தாள். நோயாளி வீடு திரும்பும் நாளில் உறவினரின் அந்தப் பணியும் முடிந்தது. உறவினருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், உடன் நின்றார்கள், முடிவுநாள் ஒன்றும் வைத்தார்கள்.

உறவினர் உடன் தங்குவது கோயில்களிலும் உண்டு என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து எதுவும் இல்லாமல், ஐந்தாறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதை வைத்து, மருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. எனக்கு அதில் பிடிபட்டது வேறு: பெரும்பாலோர் வீட்டு ஆளோடுதான் அங்கே தங்கியிருந்தார்கள். நம் புறநோயாளிப் பிரிவிலோ கூட வந்தவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்கிறோம்.

2

மருத்துவமனையிலிருந்து சமூகத்துக்கு என்ற முழக்கத்தோடு 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார், மாத்திரை இலவசம், பஸ்ஸுக்குக் கொடுத்து கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. இது சாதாரணச் சாதனை இல்லை. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு மாநிலம் முழுதிலிருந்தும் ஆட்களைக் கட்டி இழுத்து வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்து, பிறகு 1984-இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன், நோயாளி வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பமாகிறது என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் செய்து காட்டினார்.

அந்த வேலையை யார் செய்கிறார்கள்? திட்டத்தின் கணக்கில் மாதம் ஒரு நாள் மருத்துவர் இருக்கிறார். மீதி நாள்களுக்கு வீடு. வீடு என்றால் அப்பா, அண்ணன், அத்தை என்று எல்லோரும் இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு பெண், அவர் நோயாளியின் தாய். நோயாளி ஆணாயிருந்து கல்யாணமும் ஆகியிருந்தால் மனைவி.

ஒரு தாலுகா மருத்துவமனையில் மனநல ஓ.பி. நாளில் பார்த்ததைச் சொல்கிறேன். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் காகிதக் கவர்களில் பேனாவால் குறித்துக் கொடுக்கிறார்கள்: காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை. அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கவரைப் பிரித்து மாத்திரைகளை முந்தானையில் கொட்டினார். போன மாதத்து மிச்சம் ஒன்றை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, நிறத்தை வைத்துத்தான் அடையாளம். இந்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்திருந்தது. "கலரு மாறிப்போச்சும்மா. போன தடவ இப்படித்தான் மாறுச்சு. இது என் மாத்திர இல்ல, நீ வெஷம் வெக்கிறன்னு தூக்கி எறிஞ்சுட்டான்" என்றார். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொடி பண்ணி மோர்ல கலந்துட்டேன்."

இந்த மோர்க் கதை தெரியாத மனநலப் பணியாளர் தமிழ்நாட்டில் இல்லை. சாம்பார், தோசை மாவு, காபி, எல்லாவற்றிலும் கலக்கிறார்கள். நாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறோம். சில இடங்களில் நாமே சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து வழிகாட்டுகிறோம். இதன் விலை என்ன? விஷம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதே நோயாக இருக்கிறவர், சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் சந்தேகம் மெய்யாகிவிடுகிறது. அன்றிலிருந்து அம்மா கையால் சாப்பிடமாட்டார். நோயாளியின் சம்மதம் என்ற கேள்வி ஒருபுறமிருக்க, இந்த முடிவை எடுக்க அந்த அம்மாவைத் தனியாக விட்டது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. மாத்திரையின் நிறம் மாறும்போது நோயாளியிடமே அதைக் காட்டிப் பேசுவது, வாய்வழி மருந்தை மறுக்கிறவரிடம் மாதமொரு ஊசியைப் பற்றி எடுத்துச் சொல்வது, மறுப்பு நீடித்தால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது ஆகிய மூன்றும் திட்டப் பணியாளரின் வேலை. குடும்பத்தின் வேலை மாத்திரையை நினைவூட்டுவதோடு முடிகிறது. இதை ஓ.பி. சீட்டில் அச்சடித்தே கொடுக்கலாம்.

முடியாத காரியமா என்றால், இல்லை. கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, நம் தமிழ்நாட்டுக் கிராமப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரோடு நடத்திய ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. உள்ளூரில் ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் மிதமானதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்பகுதியில் நோய்க்குறிகளும் முடக்கமும் தெளிவாகக் குறைந்திருந்தன. மருத்துவ வசதி குறைந்த இடத்தில் ஒரு ஆள் படியேறி வருவதற்கு மதிப்பு அதிகம் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

3

அன்பு கூடினால் நோய் குறையும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்களைவிட, பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு. காரணம் தேடிப் போனபோது மூன்று விஷயங்கள் அகப்பட்டன: ஓயாத குறைகூறல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு. 1972-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், இவை மிகுந்திருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் 58 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, இவை குறைந்த வீடுகளில் 16 விழுக்காட்டினருக்குத்தான். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் எதிரெதிரே இருந்தால் ஆபத்து இன்னும் கூடியது.

எண்பதுகளில் சண்டிகரில் டாக்டர் என்.என். விக் குழுவினர் இதே அளவுகோலால் அளந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகள் அங்கே 23 விழுக்காடுதான், லண்டனைவிட மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில் ஆக்ரா நோயாளிகள் மேலைநாட்டினரைவிட நன்றாகத் தேறியதாகவும் ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டு, இந்தியக் குடும்பமே மருந்து என்று பேசத் தொடங்கினோம். இன்றும் பாடநூலில் அப்படியே இருக்கிறது. அந்தப் பன்னாட்டு முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கிப் பல கட்டுரைகள் வந்துவிட்டன. மாணவர்கள் அவற்றையும் தேடிப் படிக்க வேண்டும். சண்டிகரிலும் நூற்றுக்கு 23 வீடுகள் அப்படித்தான் இருந்தன என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

குறைகூறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தெரியாமையிலிருந்து. குரல் கேட்கிறது, ஆள் துரத்துகிறான் என்று பையன் சொன்னால் வீடு அதை நோய் என்று ஒப்புக்கொள்ளும். காலை பதினொரு மணி வரை படுத்திருக்கிறான், குளிக்கமாட்டேன் என்கிறான், கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கிவரத் துப்பில்லை என்றால் அது சோம்பேறித்தனம். மனச்சிதைவில் செயலூக்கம் வற்றிப்போவதும் நோய்க்குறியே என்றும், மாத்திரையின் மந்தமும் அதோடு சேர்கிறது என்றும் எந்த அப்பாவுக்கு யார் உட்கார்ந்து சொன்னார்கள்? சொன்ன இடங்களில் "எருமை மாதிரி படுத்துக் கிடக்கான்" என்ற பேச்சு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். கோபம் நிற்காது, பேச்சு நிற்கும். அதுவே பெரிய ஆதாயம்.

அளவுமீறிய ஈடுபாடு இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் நம் ஊரில் அதற்குப் பெயர் பாசம். முப்பத்தைந்து வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது, அவன் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பது, தங்கை கல்யாணத்துக்குக்கூட அவனை விட்டுவிட்டுப் போகாமலிருப்பது. லண்டன் அளவுகோலை அப்படியே கொண்டுவந்து அந்தத் தாயைக் குற்றவாளியாக்கக் கூடாது. அதே சமயம் 35 மணி நேரம் என்ற கணக்கு சும்மா வந்ததும் இல்லை. பகல்நேர மையம் ஒன்று இருந்தால் மகன் கூடை பின்னுகிறானா, மெழுகுவத்தி செய்கிறானா என்பது இரண்டாவது விஷயம். அவனும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாளுக்கு ஆறு மணி நேரம் இருக்கிறார்கள் என்பதே முதல் பலன். ஒன்றிய அளவில் பகல்நேர மையம் கேட்கும்போது தொழிற்பயிற்சி என்று மட்டும் எழுதாதீர்கள், இதையும் எழுதுங்கள்.

1998-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் நம் ஊர்ப் பராமரிப்பாளர்களின் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். வெளியாகி இத்தனை ஆண்டுகளாகியும், நான் போன ஓ.பி.க்களில் அதைப் பராமரிப்பாளரிடம் கேட்டுக் குறித்துவைப்பதை அபூர்வமாகவே பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல ஆண்டுக்கொரு முறையாவது பார்க்கலாம்.

4

சட்டத்துக்கு வருகிறேன். 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) குடும்பங்களுக்குப் பெரிய வருத்தம் கொடுத்த சட்டம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறவினர் விண்ணப்பித்து, இரண்டு மருத்துவச் சான்றுகளும் இருந்தால் 90 நாள் வரை சேர்க்கலாம். புதிய சட்டத்தில் நோயாளி தனக்கான பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். அவர் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதில்லை, நண்பராகவும் இருக்கலாம். யாரையும் நியமிக்காவிட்டால்தான் உறவினர், அடுத்துப் பராமரிப்பாளர் என்று வரிசை வருகிறது. சம்மதமில்லாத சேர்க்கை முதலில் 30 நாளுக்கு மேல் போகாது. "பெத்தவங்க நாங்க உயிரோட இருக்கோம், பிரதிநிதின்னா யாரு சார்?" என்று ஒரு தந்தை கூட்டத்தில் எழுந்து என் சக பேராசிரியரைக் கேட்டார். நியாயமான கோபம்.

இருந்தாலும் நான் இந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரம் முழுதும் குடும்பத்திடம் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் குடும்பத்தார்தான். கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோடாங்கி, தாயத்து, நரம்பு டாக்டர் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கி, நகையும் நிலமும் போன பிறகு கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். எல்லாப் பொறுப்பும் அதிகாரமும் தலையில் விழுந்து, உதவி மட்டும் எங்கிருந்தும் வராத நிலையில் சங்கிலிதான் கிடைத்தது. புதிய சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

சட்டத்தை நான் குறைசொல்வது வேறு இடத்தில். ஒருவர் நோய் முற்றி, வர மறுத்து, வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டால் அவரை மருத்துவமனைக்கு யார் கொண்டுவருவது? அவசர சிகிச்சைக்கு 94-ஆவது பிரிவு இருக்கிறது. 72 மணி நேரம் வரை எந்த இடத்திலும் சிகிச்சை தொடங்கலாம், நோயாளியைக் கொண்டுசெல்வதும் அதில் அடக்கம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பதோ, ஆம்புலன்ஸ்காரர் போலீஸ் வரட்டும் என்பார், காவல் நிலையத்தில் மருத்துவமனைச் சீட்டைக் கேட்பார்கள், கடைசியில் தெருவில் நாலு பேரைப் பிடித்து ஆட்டோவில் கட்டித் தூக்கிவருவார்கள். அந்த நாளை நோயாளி மறக்கமாட்டார், அப்பாவை மன்னிக்கவும் மாட்டார். குடும்பத்தின் பங்கு கட்டாயம் முடிய வேண்டிய இடம் இதுதான். ஆளைத் தூக்குவது உறவினர் வேலையில்லை. மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் மனநலக் குழு, மருத்துவரோ செவிலியரோ உள்ள குழு, இரவிலும் வருவதாக இருக்க வேண்டும். புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் நிறுவனம் தொலைமருத்துவ வசதியோடு பேருந்தே ஓட்டியிருக்கிறது. வண்டி ஓட்டுவது நம்மால் ஆகாத காரியமில்லை.

5

கடைசியாக, குடும்பம் இல்லாதவர்கள். கணவர் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை நான் இங்கே முதலில் நினைக்கிறேன். நோய் வந்த பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். முறையான மணவிலக்கும் இருக்காது, ஜீவனாம்சமும் இருக்காது. வயதான பெற்றோர் இருக்கும்வரை இருப்பார்கள், அதன்பின் அண்ணி வீடு. பெற்றோர் சந்திப்பில் வேறெந்தக் கேள்வியும் இந்தக் கேள்வி அளவுக்கு வருவதில்லை: "எங்களுக்கு அப்புறம் யாரு?"

இதற்கு இருக்கிற பதில்கள் சில. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் ஏற்பாடு அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றுக்குத்தான், மனநோய்க்கு இல்லை. பலர் இதைத் தெரியாமல் அலைகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில், நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' உண்டு. சொத்து உள்ளவர்கள் மகள் பெயரில் நேரே எழுதாமல், அவள் நன்மைக்கென்று தனியார் அறக்கட்டளை ஒன்று எழுதிவைக்கலாம். சொத்து இல்லாதவர்களுக்கு? மனநலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடும்பம் இல்லை, ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது, இடைத்தங்கல் வீடுகளையும் குழு வீடுகளையும் அரசு தர வேண்டும் என்கிறது. 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருந்த பெண்களுக்காக 2015-இல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்குள் சாதாரண வாடகை வீடு, நாலைந்து பேர், கூட ஒரு உதவியாளர். சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். அந்த உதவியாளர் செய்வது, முந்தானையில் மாத்திரை பிரித்த அந்த அம்மா செய்ததைத்தான். இவருக்குச் சம்பளம் உண்டு.

மாவட்டத் திட்டத்து நண்பர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை வைத்துவிட்டு உட்காருகிறேன். சட்டத்தின் 98-ஆவது பிரிவு, நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் அவரோடும், அவர் பிரதிநிதியோடும், அவர் யாரோடு வசிக்கப்போகிறாரோ அந்தக் குடும்பத்தாரோடும் கலந்து பராமரிப்புத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. இன்று அது பெரும்பாலும் 'மாத்திரையைத் தொடரவும்' என்ற ஒரு வரி. அதை ஒரு தாளாக்குங்கள், மூன்று கட்டம் போடுங்கள். குடும்பம் செய்ய ஒப்புக்கொண்டது, நோயாளி தானே செய்துகொள்வது, குடும்பத்தால் முடியாது என்று சொன்னது. மூன்றாவது கட்டத்தில் எழுதியிருப்பதற்கு எதிரே அதைச் செய்யப்போகும் பணியாளரின் பெயரும் கைபேசி எண்ணும் வர வேண்டும். ஆள் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்தத் தாள்களை எண்ணி மாநில மனநல ஆணையத்துக்கு அனுப்புங்கள். எந்தத் தாலுகாவுக்கு எத்தனை பணியாளர், எத்தனை வீடு, எத்தனை வண்டி தேவை என்று நிதித்துறை கேட்டால் காட்டுவதற்கு அப்போது கையில் ஏதாவது இருக்கும்.